ஊசி கண்ட துருவ ஒளி

அடிவானத்தின் கணக்கு

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகை அகலாங்கில் அமைந்துள்ளன என்பதை எந்த நிலப்படமும் காட்டும். ஆனால் துருவ ஒளியைத் தேடும் ஆய்வுக்கு உதவுவது அந்த அகலாங்கு அன்று. பூமியின் காந்த அச்சு அதன் சுழல் அச்சோடு பொருந்தாமல் சாய்ந்திருப்பதால், காந்த நடுக்கோடு என்னும் இன்னொரு கோடு இந்தியப் பகுதியில் வடக்கே ஏறி, தீபகற்பத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கோட்டிலிருந்து ஓர் ஊர் எவ்வளவு விலகியிருக்கிறது என்னும் அளவே காந்த அகலாங்கு. அந்த அளவின்படி சென்னையும் அதன் புறநகர்களும் காந்த நடுக்கோட்டுக்குச் சில பாகைகள் மட்டுமே வடக்கே இருப்பவை. அதாவது, துருவ ஒளி தோன்றும் பகுதியிலிருந்து உலகில் மிகவும் விலகிக் கிடக்கும் ஊர்களில் இவையும் சேரும்.

துருவ ஒளி என்பது, இரு துருவங்களையும் வளையமாகச் சூழ்ந்த வானில், தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே, இரவில் எழும் ஒளித்திரை. சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் இடைவிடாமல் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. இந்த ஓட்டத்துக்குச் சூரியக் காற்று என்று பெயர். சூரியப் புள்ளிகள், அதாவது சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்து கரிதாகத் தெரியும் இடங்கள், காந்தப்புலம் செறிந்து முறுக்கேறிய பகுதிகளாகும். அம்முறுக்கு அவிழும்போது நூற்றுக்கணக்கான கோடி டன் எடையுள்ள பிளாஸ்மா, தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு வெளியே வீசப்படுகிறது. அது ஒன்றிரண்டு நாட்களில் பூமியை வந்தடைந்து பூமியின் காந்தக் கவசத்தை உலுக்குவதே காந்தப் புயல். அப்போது காந்தக் கோடுகளின் வழியே விரையும் எலக்ட்ரான்கள் மேல்வளிமண்டலத்து ஆக்சிஜன் அணுக்களோடு மோத, 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் பச்சை ஒளியும், 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் சிவப்பு ஒளியும் பிறக்கின்றன.

புயல் வலுக்க வலுக்க ஒளிவளையம் விரிந்து நடுக்கோட்டை நோக்கி இறங்கும். வளையத்துக்கு வெகுதொலைவில் இருப்பவருக்கு அதன் தாழ்ந்த பச்சை விளிம்பு பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடுவதால், உயர்ந்து நிற்கும் சிவப்பு மட்டும் வடக்கே எங்கோ ஊர் தீப்பற்றி எரிவதுபோலத் தெரியும். எவ்வளவு தொலைவு வரை தெரியும் என்பதை எளிய வடிவியலே சொல்லிவிடுகிறது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்றால், 400 கிலோமீட்டர் உயரத்தில் எரியும் ஓர் ஒளி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தொலைவு வரையே அடிவானத்தைத் தொட முடியும். ஆவடியிலிருந்து நேர் வடக்கே 2,200 கிலோமீட்டர் சென்றால் வரும் இடம் லடாக்கில் உள்ள ஹான்லே. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் அமைந்த அந்த ஊரின் தலைக்கு மேலே, 400 கிலோமீட்டர் உயரத்தில் சிவப்பு ஒளி நின்றால்தான் அதன் உச்சி விளிம்பு அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் ஏரிக்கரையில் நிற்பவரின் வடக்கு அடிவானத்தை ஒரு கீற்றாகவேனும் தொடும். அந்தக் கீற்றும் அடிவானத்தை ஒட்டிய தூசியையும் ஈரத்தையும் ஊடுருவி வந்தாக வேண்டும். இன்றைய நிலையில் தொழிற்பேட்டைகளின் விளக்கொளியோடு போட்டியும் இட வேண்டும்.

2024ஆம் ஆண்டு மே 10, 11 தேதிகளின் இரவில், இருபது ஆண்டுகளில் காணாத வலுவான காந்தப் புயலின்போது, ஹான்லேயில் சிவப்பு ஒளி படம்பிடிக்கப்பட்டது. ஆனால் அங்கேயும் அது வடக்கு அடிவானத்தை ஒட்டித்தான் நின்றதே தவிர, தலைக்கு மேலே ஏறவில்லை. சென்னையில் துருவ ஒளியைக் கண்ணால் காண வேண்டுமானால் அதைவிட மிகக் கடுமையான புயல் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். ஆகவே தென்னகத்தின் பழைய பதிவுகளில் சூரியச் சீற்றத்தின் தடயத்தைத் தேடுவோர், எந்த வகையான சாட்சியை எங்கே தேடுவது என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

களிமண்ணும் நாட்குறிப்பும்

சூரியப் புள்ளிகளைத் தொலைநோக்கியால் பார்த்துப் பதிவுசெய்யும் வழக்கம் 1610ஆம் ஆண்டளவில் தொடங்கியது. காந்த ஊசியின் அசைவை ஒழுங்காகக் குறிக்கும் வழக்கமோ பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உலகெங்கும் பரவியது. சூரியனின் வயதோ சுமார் 460 கோடி ஆண்டுகள். நானூறு ஆண்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு அதன் குணத்தை எடைபோடுவது, ஒரு நாழிகை பழகியவரின் இயல்பைத் தீர்ப்பிடுவது போன்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரும்புயல் எப்படி இருக்கும் என்று அறிவதற்கு, தொலைநோக்கிக்கு முற்பட்ட மக்கள் எழுதி வைத்தவற்றைத்தான் நாட வேண்டும்.

இவ்வகைத் தேடலில் கிடைத்த பழைய பதிவுகளுள் நாள் உறுதியானது, பெர்லினில் உள்ள வி.ஏ.டி. 4956 என்னும் பாபிலோனியக் களிமண் பலகை. இரண்டாம் நெபுகத்நேசரின் 37ஆம் ஆட்சியாண்டில் நிலவும் கோள்களும் எந்தெந்த நாளில் எங்கெங்கே நின்றன என்று எழுதிய அரசவைக் கணியர்கள், ஓர் இரவில் மேற்கில் செந்நிறச் சுடர் எழுந்ததையும் இடையே குறித்திருக்கிறார்கள். கோள்நிலைகளைக் கொண்டு பின்னோக்கிக் கணித்தபோது அந்த இரவு கி.மு. 567 மார்ச் 12, 13 என்று தெரிந்தது. இன்றைய ஈராக் துருவ ஒளிக்கு ஏற்ற இடம் அன்று; ஆனால் காந்தத் துருவம் ஓரிடத்தில் நில்லாது நகர்வது என்பதால், அன்றைய பாபிலோன் காந்த அகலாங்கில் இன்றைவிட வடக்கே இருந்தது. பழைய பதிவு ஒன்றை மதிப்பிடும்போது அந்த ஊரின் இன்றைய காந்த அகலாங்கை அல்லாமல், அது எழுதப்பட்ட காலத்து அகலாங்கைக் கணிக்க வேண்டும் என்னும் விதி இதிலிருந்தே தெளிவாகும்.

தனிப் பதிவைவிட இரண்டு பதிவுகள் ஒன்றுக்கொன்று சாட்சி கூறும்போது வலிமை கூடுகிறது. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத் துறவி ஜான், 1128 டிசம்பர் 8 அன்று சூரியனில் கண்ட இரண்டு கரும்புள்ளிகளைத் தம் வரலாற்று நூலில் வட்டமிட்டு வரைந்திருக்கிறார். சரியாக ஐந்து நாட்கள் கழித்து, டிசம்பர் 13 இரவில், செந்நிற ஆவி வானை நிரப்பியதாகக் கொரியாவின் கொர்யோ அரசு வரலாறு குறித்திருக்கிறது. ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாத இரு நாடுகளில், ஒருவர் காரணத்தையும் மற்றவர் விளைவையும் எழுதி வைத்திருக்கின்றனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கணிப்போர் மரபு

அதே 1128ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்தான். அவனுடைய பத்தாம் ஆட்சியாண்டில் தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்த செய்தி மாதம், நாள்மீன், கிழமை ஆகியவற்றோடு கல்வெட்டுகளில் சொல்லப்படுகிறது. நாளைத் துல்லியமாகக் குறிக்கும் திறமையில் சோழர் காலத் தமிழ் எழுத்தர்கள் கொரிய எழுத்தர்களுக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அந்தத் துல்லியம் செலவழிக்கப்பட்டது கொடைகளுக்கு. ஆவடியை அடுத்த திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் உத்தம சோழன் காலம் முதலான கல்வெட்டுகள் இருக்கின்றன. பிற சோழர் காலக் கோயில்களைப் போலவே அங்கும் கல்லில் ஏறியவை நிலமும் விளக்கும் பிற அறங்களுமே. வானம் அக்கல்வெட்டுகளில் இடம்பெறுவது, அது ஒரு கொடைக்குரிய நாளை உண்டாக்கும்போது மட்டுமே. பூந்தமல்லிக்கு மேற்கே, அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் முதலாம் ஆதித்த சோழனின் 24ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒரு சூரிய கிரகணத்தைக் குறிப்பிடுவதும் அவ்வாறே. கி.பி. 894இல் நிகழ்ந்த கிரகணம் அது என்று கணித்த அறிஞர்கள், அதைக் கொண்டே ஆதித்தன் அரியணை ஏறிய ஆண்டை வரையறுத்தனர். கொடைக்காகக் குறித்த கிரகணம் இவ்வாறு அரசனின் காலத்துக்குச் சான்றாயிற்று.

தமிழ் வானியலின் பெருமை கணிப்பில் இருந்தது. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் முன்பு இருந்த ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில், புதுச்சேரியில் தாம் சந்தித்த பஞ்சாங்கக் கணியர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களின் துணையால் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை விவரிக்கிறார். எழுதுகோலும் ஏடும் இல்லாமலே கிரகணத் தொடக்கத்தை நான்கு நிமிட வேறுபாட்டுக்குள் அவரால் சொல்ல முடிந்தது. மீண்டும் மீண்டும் வருவதை இவ்வளவு நுட்பமாகப் பிடித்த மரபு, கணக்கில் அடங்காமல் திடீரென வந்து போவதைப் பதிவுசெய்யும் பழக்கத்தை அதே அளவுக்கு வளர்க்கவில்லை. சீனத்திலும் கொரியாவிலும் வானத்தின் ஒவ்வொரு விபரீதமும் அரசனுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை என்று நம்பப்பட்டதால், அதை இரவெல்லாம் விழித்திருந்து எழுத ஊதியம் பெற்ற அலுவலர்கள் இருந்தனர். இங்கே அந்த வேலை புலவர்களிடம் விடப்பட்டது.

புலவர்களும் அதைச் சிறப்பாகவே செய்தனர் என்பதற்குப் புறநானூற்றின் 229ஆம் பாடல் சான்று. கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடிய அப்பாடல், பங்குனி மாதத்து நள்ளிரவில், எந்தெந்த நாள்மீன்கள் எந்நிலையில் இருந்தபோது ஒரு விண்மீன் தீப்பரந்து வீழ்ந்தது என்பதை வரிசையாகச் சொல்லி, ஏழாம் நாள் அரசன் மறைந்ததைக் கூறுகிறது. மாதம், பொழுது, விண்மீன்களின் நிலை எல்லாம் இருந்தும் ஆண்டு மட்டும் இல்லை. ஆண்டு இல்லாத பதிவை வேறொரு நாட்டுப் பதிவோடு பொருத்த முடியாது என்பதே இவ்வகைச் சான்றுகளின் இடர்ப்பாடு.

திக்கெரிவும் பச்சைச் சூரியனும்

வடமொழி நூல்களுள் இத்தேடலுக்கு அதிகம் எடுத்தாளப்படுவது, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் ‘பிருகத் சம்கிதை’. சூரியனின் வட்டத்தில் தோன்றும் ‘தாமச கீலகங்கள்’ என்னும் கரிய உருவங்கள் முப்பத்து மூன்று என்று கூறி, அவற்றைக் காக்கை, தலையற்ற உடல், ஆயுதம் முதலிய வடிவங்களால் வேறுபடுத்தும் பகுதியைச் சூரியப் புள்ளிகளைப் பற்றிய குறிப்பு என்று பலர் கொள்கின்றனர். அடிவானத் தூசியால் ஒளி மங்கிய காலைச் சூரியனில் பெரிய புள்ளிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்பதால் அதில் வியப்பில்லை. அதே நூலில் ‘திக்தாகம்’, அதாவது திசை தீப்பற்றுதல் என்னும் தலைப்பில் ஒரு சிறு பகுதி உண்டு. திசை மஞ்சளாக எரிந்தால் அரசனுக்கு அச்சம், நெருப்பு நிறமானால் நாட்டுக்கு அழிவு, சிவந்தால் பயிருக்குக் கேடு என்று அது பலன் சொல்கிறது. வானம் தெளிந்து, விண்மீன்கள் துலங்கும்போது திசை பொன்னிறமாக ஒளிர்ந்தால் நன்மை என்றும் கூறுகிறது.

தெளிந்த வானம், துலங்கும் விண்மீன்கள், எரியும் திசை ஆகிய மூன்றும் ஒருசேர வருவதைக் கண்டதும் துருவ ஒளி என்று முடிவுகட்டும் ஆசை எவருக்கும் எழும். ஆனால் நூல் அந்த எரிவை வடக்குக்கு மட்டும் உரியதாகக் கூறவில்லை; எல்லாத் திசைகளுக்கும் பலன் சொல்கிறது. எந்த நாளில் நிகழ்ந்தது என்றும் கூறவில்லை. இன்னது நிகழ்ந்தது என்பதன்று, இன்னது நிகழ்ந்தால் இன்ன பலன் என்பதே அதன் நடை. சகுன நூல் மருத்துவ அகராதி போன்றது. அதில் ஒரு நோயின் பெயர் இருப்பதால் குறிப்பிட்ட ஒருவர் அந்த நோயால் துன்பப்பட்டார் என்று சொல்லிவிட முடியாது. காட்டுத்தீ, புழுதிப்படலம், அந்திச் செம்மை ஆகியவையும் திசையை எரியச் செய்யும்.

வானம் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்குச் சென்னையிலேயே நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கிறது. 1883 செப்டம்பர் மாதத்தில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாகத் தெரிந்தது. அப்போது சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித், அந்த ஒளியை நிறமாலைமானியால் ஆராய்ந்து எழுதினார். காரணம் சூரியனில் இல்லை. ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் வெடித்த கிரகட்டோவா எரிமலையின் நுண்துகள்கள் மேல்வளிமண்டலத்தில் பரவியதே காரணம். இத்தகைய நிகழ்வை ஆண்டு குறிக்காத பாடல் ஒன்றில் மட்டும் படித்திருந்தால், சூரியனே பிறழ்ந்ததாகக் கருதுவதற்கு இடமிருந்திருக்கும்.

ஆகவே பழைய குறிப்பு ஒன்றைத் துருவ ஒளி என்று ஏற்பதற்கு முன் ஆய்வாளர்கள் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். நிகழ்ந்தது அந்தி நீங்கிய இரவிலா? வடகோளத்து ஊரானால் வடக்கை ஒட்டியா? நிலவு எத்தனையாம் பிறையில் இருந்தது? ஒளி நகர்ந்ததா, பட்டைகளாகப் பிரிந்ததா, நெடுநேரம் நின்றதா? வேறு ஊரில் அதே இரவில் வேறொருவர் கண்டாரா? இவற்றுக்கெல்லாம் மேலாக, மனிதக் கண்ணைச் சாராத ஏதேனும் பொருள் அதே காலத்தில் சாட்சி சொல்கிறதா?

நூலில் தொங்கிய காந்தம்

கண்ணைச் சாராத அந்தச் சாட்சியைத் தருவதில்தான் தென்னிந்தியாவின் இடம் உயர்கிறது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய சென்னை வானாய்வகத்தில், விண்மீன்களின் இருப்பிடங்களை அளப்பதே முதன்மைப் பணியாக இருந்தது. அதன் தலைவர் தாமஸ் கிளான்வில் டெய்லர் 11,015 விண்மீன்களின் அட்டவணையை 1844இல் வெளியிட்டார். அவர் காலத்தில், 1841இல், உலகெங்கும் காந்த ஊசிகளை ஒரே நேர ஒழுங்கில் அளக்கும் பெருமுயற்சியில் சென்னையும் சேர்ந்தது. கம்பெனியின் சார்பில் சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய நான்கு இடங்கள் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. திருவிதாங்கூர் அரசரின் திருவனந்தபுரம் வானாய்வகமும் இதே பணியை மேற்கொண்டது.

அக்காலக் காந்தமானியின் அமைப்பு எளிமையானது. காற்றுப் புகாத பெட்டிக்குள், முறுக்கில்லாத பட்டு இழைகளில் ஓர் எஃகுக் காந்தச் சட்டம் கிடையாகத் தொங்கும். அதன்மேல் பொருத்திய சிறு கண்ணாடியில், சில அடி தள்ளி வைத்த அளவுகோல் பிரதிபலிக்க, அந்த எண்ணை ஒரு சிறு தொலைநோக்கியின் வழியே பார்த்துப் படிக்க வேண்டும். சட்டம் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடியில் அளவுகோலின் எண் பல கோடுகள் நகர்ந்துவிடும். அருகில் இரும்பு இருக்கக் கூடாது என்பதால் கட்டடத்தின் ஆணி, கீல் முதற்கொண்டு செம்பாலோ பித்தளையாலோ ஆக வேண்டும். படிப்பவரின் சட்டைப்பையில் சாவிக்கொத்தும் இருக்கலாகாது. மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், எண்ணையும் வெப்பநிலையையும் பேரேட்டில் எழுதிக்கொண்டே இருப்பதுதான் வேலை. வானத்தில் எதுவும் தெரியாத ஊரில், கூரைக்குக் கீழே விளக்கு வெளிச்சத்தில் அமர்ந்தபடி எழுதப்பட்ட இந்த எண்கள்தாம் பிற்காலத்தில் விண்ணைப் பற்றிய ஆவணங்களாயின.

இதற்கு இயற்பியல் காரணம் ஒன்று உண்டு. காந்தப் புயலின்போது, பூமியைச் சில பூமி-ஆரங்களின் தொலைவில் நடுக்கோட்டுத் தளத்தில் சுற்றிக்கொண்டு மேற்கு நோக்கி ஒரு மாபெரும் மின்னோட்டம் பாய்கிறது. இதற்கு வளைய மின்னோட்டம் என்று பெயர். இந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் பூமியின் கிடைக் காந்தப்புலத்துக்கு எதிர்த்திசையில் இருப்பதால், தாழ்ந்த அகலாங்குகளில் ஊசியின் கிடைவிசை குறைகிறது. துருவங்களை ஒட்டிய ஊர்களில் துருவ ஒளியோடு சேர்ந்து ஓடும் வேறு மின்னோட்டங்கள் ஊசியைத் தாறுமாறாக ஆட்டுவதால், புயலின் மொத்த வலிமையை அங்கே அளப்பது கடினம். துருவ ஒளிக்கு எட்டாத ஊரின் ஊசியே புயலின் எடையைச் சரியாகக் காட்டும் தராசு. காந்த நடுக்கோட்டுக்கு மிக நெருக்கமாகப் போனால் பகலில் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் நடுக்கோட்டு மின்னோடை குறுக்கிடும். பம்பாய் அதற்கும் சற்று விலகியிருந்ததால், அங்கிருந்த கொலாபா வானாய்வகத்தின் ஊசி வரலாற்றில் தனியிடம் பெற்றது.

1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன், சூரியப் புள்ளிக் கூட்டம் ஒன்றின்மீது வெண்ணிற ஒளி சில நிமிடங்கள் பளிச்சிட்டதைக் கண்டார். ஏறத்தாழ பதினேழரை மணி நேரத்தில் புயல் பூமியைத் தாக்கியது. கொலாபாவில் கிடைக் காந்தவிசை சுமார் 1,600 நானோடெஸ்லா அளவுக்குச் சரிந்தது. நானோடெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு. வழக்கமான நாளில் அங்கே ஊசியின் ஏற்றத்தாழ்வு சில பத்துகளைத் தாண்டாது. ஐரோப்பாவின் பல ஊசிகள் அளவுகோலின் எல்லையை மீறி ஓடிவிட்ட அந்த நாளில், வீழ்ச்சியின் முழு வடிவமும் கொலாபாவின் பேரேட்டில் தங்கிவிட்டது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தைச் சேர்ந்த குர்பக்ஸ் லக்கினா, சோபனா அலெக்ஸ் ஆகியோர் புரூஸ் சுருதானி முதலியோருடன் சேர்ந்து 2003இல் அந்த எண்களை வெளியிட்ட பிறகே, காரிங்டன் புயலின் கடுமை எண்ணளவில் உலகுக்குத் தெரிந்தது.

தெற்கிலும் இதற்கிணையான பணி நடந்தது. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் புரூன், 1855இல் அகத்தியமலையின் உச்சியில் ஒரு துணை ஆய்வகத்தையும் நிறுவி, இரண்டு இடங்களின் காந்த அளவுகளையும் ஒப்பிட்டார். காந்தக் கலக்கம் ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்புவதை உணர்ந்து, அதைச் சூரியனின் தற்சுழற்சியோடு இணைத்தவர் அவர். சூரியனின் ஒரே முகப்பு மீண்டும் பூமியை நோக்கத் திரும்பும்போது ஊசி மீண்டும் நடுங்குகிறது என்னும் இந்த உண்மை, வானத்தையே பாராமல் பேரேட்டைப் பார்த்து அறியப்பட்டது.

கண்ணும் ஊசியும் சந்தித்த இரவு

தென்னாசியாவில் கண்சாட்சியும் ஊசியின் சாட்சியும் ஒன்றுசேர்ந்த நாள் 1872 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலைக்குப் பின் பம்பாயில் துருவ ஒளி தெரிந்ததாகவும், கடலடித் தந்திக் கம்பிகள் தொல்லைப்பட்டதாகவும் இரண்டு நாள் கழித்து ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ எழுதியது. பம்பாயின் காந்த அகலாங்கில் துருவ ஒளியா என்று ஐயுற்றவர்கள் உண்டு. ஆனால் அதே இரவில் சூடானின் கார்ட்டூம் உள்ளிட்ட பல ஊர்களில் ஒளி காணப்பட்டதும், தந்தி அலுவலகங்களின் குறிப்புகளும், கொலாபாவில் ஊசி காட்டிய பெருவீழ்ச்சியும் சேர்ந்தபோது செய்தித்தாளின் சில வரிகளுக்கு வலு கிடைத்தது. ஜப்பானின் ஹிசாஷி ஹயகாவா முதலியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, எழுநூறுக்கும் மேற்பட்ட கண்சாட்சிகளைத் திரட்டி, கொலாபா எண்களைக் கொண்டு புயலின் வலிமையை 800 நானோடெஸ்லாவுக்கும் மேல் என்று மதிப்பிட்டது. அன்றைய ஒளிவளையத்தின் தென்விளிம்பு ஏறத்தாழ 24 பாகைக் காந்த அகலாங்கு வரை இறங்கியதாக அந்த ஆய்வு கணித்தது. முன்னே சொன்ன அடிவானக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், அன்றைய ஒளியும் சென்னையின் அடிவான விளிம்பை எட்டுமா எட்டாதா என்னும் எல்லையிலேயே நின்றிருக்கும்.

மழைமானி தந்த பாடம்

ஊசியின் வெற்றி சூரியனின் கையை எங்கும் காணும் ஆர்வத்தையும் வளர்த்தது. சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை சுமார் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை ஹைன்ரிக் ஷ்வாபே 1843இல் அறிவித்தார்; காந்தக் கலக்கமும் அதோடு சேர்ந்தே ஏறி இறங்குவதை எட்வர்ட் சபைன் 1852இல் காட்டினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் உலுக்கியபோது, வில்லியம் வில்சன் ஹண்டர் நுங்கம்பாக்கத்தில் 1813 முதல் திரண்டிருந்த மழை அளவுகளை எடுத்து, புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று வாதிட்டார். வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவரோடு சேர்ந்து எழுதினார். பஞ்சத்தை முன்கூட்டியே கணிக்கலாம் என்னும் இந்த நம்பிக்கை, சூரியனை ஆராயத் தென்னிந்தியாவில் ஒரு மலை வானாய்வகம் வேண்டும் என்னும் கோரிக்கைக்கு உரமாயிற்று. பச்சைச் சூரியனை ஆராய்ந்த அதே மிச்சி ஸ்மித்தின் தலைமையில், 1899இல் கொடைக்கானல் வானாய்வகம் உருவானது.

மழையைப் பற்றிய கணிப்பு நிலைக்கவில்லை. ஒரே ஊரின் மழைமானியில், அறுபது சொச்சம் ஆண்டுகளில், ஐந்தாறு சுழற்சிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் தற்செயலும் ஒழுங்குபோலத் தோன்றும். பழைய ஏடுகளில் ‘சிவந்த வானம்’ என்று கண்டதெல்லாம் துருவ ஒளி என்று கொள்பவர் வழுக்குவதும் இதே இடத்தில்தான். ஆனால் தவறான எதிர்பார்ப்பில் பிறந்த கொடைக்கானல், சரியான ஆவணத்தைத் தந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டறிந்தார். 1904 முதல் நாள்தோறும் எடுக்கப்பட்டுவரும் சூரியப் படங்கள் இன்று எண்ணிம வடிவில் உலக ஆய்வாளர்களின் கையில் இருக்கின்றன. அப்படங்களை நெடுங்காலம் எடுத்துத் தந்த ஆறங்குலத் தொலைநோக்கி, 1850இல் பாரிஸில் செய்யப்பட்டு முதலில் நுங்கம்பாக்கத்தில் விண்மீன்களைப் பார்த்தது. மலையேறிய பிறகு சூரியனைப் பார்த்தது.

மரமும் மலையும்

மனிதர் எழுதாத ஏடுகளும் உண்டு. விண்ணிலிருந்து வரும் உயர் ஆற்றல் துகள்கள் வளிமண்டல நைட்ரஜனைத் தாக்கும்போது கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் உண்டாகி, அந்தந்த ஆண்டின் மரவளையத்தில் படிகிறது. 2012இல் பூசா மியாகே, ஜப்பானியத் தேவதாரு மரங்களில் கி.பி. 774, 775ஆம் ஆண்டுகளுக்குரிய வளையத்தில் இந்தக் கார்பன் திடீரென உயர்ந்திருப்பதைக் கண்டார். காரிங்டன் புயலையும் விஞ்சிய சூரியச் சீற்றம் அதற்குக் காரணம் என்பது இன்றைய பெரும்பான்மைக் கருத்து. கி.மு. 660ஐ ஒட்டிய இன்னோர் உயர்வுக்கு அருகில், அசீரிய அரசவைக்கு எழுதப்பட்ட மூன்று களிமண் பலகைகள் வானம் சிவந்ததைச் சொல்கின்றன. மரம் காலத்தைச் சொல்ல, பலகை காட்சியைச் சொல்கிறது.

உதகமண்டலத்தில் இதே துகள்களின் இன்னொரு பதிவு நடந்துகொண்டிருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அத்துகள்களால் வளிமண்டலத்தில் பிறக்கும் மியுவான்களை எண்ணும் கிரேப்ஸ்-3 என்னும் தொலைநோக்கி, 2015 ஜூன் 22 அன்று இரண்டு மணி நேரம் துகள்களின் வரத்து கூடியதைக் காட்டியது. சூரியனிலிருந்து வந்த பிளாஸ்மா பூமியின் காந்தக் கவசத்தைச் சற்றுநேரம் நலியச் செய்திருந்தது. நீலகிரியில் அன்று வானம் சிவக்கவில்லை. கூரைக்குக் கீழே இருந்த கருவிகள் மட்டும் அதை அறிந்தன.

ஆறு மீட்டர் கம்பம்

ஊசியின் சாட்சி உண்மையாக இருக்க வேண்டுமானால் அதைச் சுற்றி அமைதி வேண்டும். பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்தபோது, தண்டவாளத்தில் ஓடும் மின்னோட்டம் ஊசியைக் கெடுக்கும் என்று உணர்ந்த அலுவலர்கள், கொலாபாவின் காந்த ஆய்வைக் கடலுக்கு அப்பாலுள்ள அலிபாகுக்கு மாற்றினர். 1904 முதல் அங்கே அளவெடுப்பு தொடர்கிறது. அரக்கோணம் மின்ரயில்கள் ஓயாமல் ஓடும் அம்பத்தூரிலோ ஆவடியிலோ இன்று ஒரு காந்தமானியை வைத்தால், அது சூரியனுக்கு முன் ரயில் அட்டவணையைத்தான் பதிவுசெய்யும். காந்த நடுக்கோட்டுப் பகுதியின் அளவுகளைத் தரும் நிலையம் இன்று திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இயங்குகிறது.

2023 செப்டம்பர் 2 அன்று, ஆவடிக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 புறப்பட்டது. பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் அதன் ஏழு கருவிகளுள் ஒன்று காந்தமானி. விண்கலத்தின் சொந்த மின்சுற்றுகளே அளவைக் கெடுத்துவிடும் என்பதால், அதன் உணரிகள் ஆறு மீட்டர் நீளமுள்ள கம்பத்தில் பொருத்தப்பட்டு 2024 ஜனவரியில் வெளியே நீட்டப்பட்டன. சாவிக்கொத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே நுழைந்த நுங்கம்பாக்கத்துப் பதிவாளரின் ஒழுக்கமும், டிராமுக்கு அஞ்சி அலிபாகுக்குப் போன ஊசியின் விலகலும் அந்தக் கம்பத்தில் நீள்கின்றன. புறநகர் மொட்டைமாடிகளிலிருந்து ஏவுகலம் ஏறுவதைப் பார்க்க மக்கள் திரும்பும் திசை வடக்கு. துருவ ஒளி என்றேனும் வந்தால் தோன்ற வேண்டிய திசையும் அதுவே. அடுத்த பெரும்புயலின்போது அத்திசை சிவக்காமலே போகலாம். எழுத வேண்டிய எண் அதற்குள் எழுதப்பட்டிருக்கும்.